தகடூர் யாத்திரை

படிக்க ஆசைப்பட்டும் படிக்க முடியாமல் போன தமிழ்ப் புத்தகங்களுக்கு நான் ஒரு ஜாபிதா வைத்திருக்கிறேன். அதில் முதலாவது 'தகடூர் யாத்திரை'. பதிப்பு தீர்ந்துபோய்க் கடையில் கிடைக்காத புத்தகம் என்று வாசகர் நினைத்துவிட வேண்டாம். புத்தகமே கிடையாது. என்றைக்கோ இருந்தது, இப்போது இல்லை. மயிலை சீனி. வேங்கடசாமி 1959இல் வெளியிட்ட 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற துக்கப் பட்டியலில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

புத்தகத்துக்குத்தான் போக முடியவில்லை, ஊருக்காவது போகலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேலத்தில் பஸ் ஏறினேன். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். 'யாத்திரை' என்றதும் நமக்குக் காசியும் ராமேசுவரமும்தான் ஞாபகம் வருகின்றன. இந்த நூலின் பெயரில் அந்தச் சொல்லுக்குப் படையெடுப்பு என்று பொருள். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானின் தகடூர்மேல் படை நடத்திப் போய்க் கோட்டையை அழித்த கதை அது.

நூலைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சந்தான். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பேராசிரியர், 'தொன்மை' என்ற வனப்புக்கு உதாரணம் சொல்லும்போது, பெருந்தேவனார் பாரதத்தோடு தகடூர் யாத்திரையையும் சேர்த்துச் சொல்கிறார். உரைநடையோடு கலந்து வரும் பழங்கதை அது என்பது அவர் கருத்து. வசனம் எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவனுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. நாவல் மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நாங்கள். எங்கள் முப்பாட்டன் ஒருவன் ஒரு யுத்தத்தையே வசனமும் பாட்டுமாகச் சொல்லியிருக்கிறான்! ஆனால் மிஞ்சியவை பாட்டுகள் மட்டுமே. புறத்திரட்டு என்ற தொகை நூலில் 44 பாட்டுகள் இருக்கின்றன. எஸ். வையாபுரிப் பிள்ளை அதைப் பதிப்பித்ததால் அவை நம் கைக்கு வந்தன. நச்சினார்க்கினியர் உரையில் இன்னும் சில அகப்படுகின்றன. வசனம் போய்விட்டது.

வசனம் போனதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். புறத்திரட்டைத் தொகுத்தவர் தலைப்பு வாரியாகப் பாட்டுத் தேடியவர். வீரத்துக்கு இத்தனை, படைக்கு இத்தனை என்று பொறுக்கி அடுக்கியிருக்கிறார். யார் சொன்னது, எந்தச் சமயத்தில் சொன்னது, யாருடைய முகத்தைப் பார்த்துச் சொன்னது என்பதெல்லாம் வசனத்தோடு போய்விட்டன. பூக்கள் இருக்கின்றன, நார் இல்லை. ஒரு பாட்டைப் பற்றி மட்டும் நச்சினார்க்கினியர் ஒரு குறிப்பு தருகிறார்: சேரமான், பொன்முடியாரையும் அரிசில்கிழாரையும் பார்த்துத் தன் படை பட்ட விதத்தைக் கேட்டானாம், அதற்கு அவர்கள் சொன்ன பதில் அந்தப் பாட்டாம். ஜெயித்தவன் புலவர்களைக் கூப்பிட்டு, "என் படை எப்படி அழிந்தது?" என்று கேட்கிறான். ஒரே ஒரு வாக்கியக் குறிப்புதான். ஆனாலும் முந்நூறு பக்க நாவலில் வராத ஒரு மனிதன் அதில் தலை காட்டுகிறான்.

அந்த அரிசில்கிழாரை எண்ணியபடியேதான் அதியமான்கோட்டையில் இறங்கினேன். தருமபுரிக்குச் சற்று முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது ஊர். பேரில் கோட்டை உண்டு, கண்ணுக்குக் கோட்டை இல்லை. காலபைரவர் கோயிலில் நல்ல கூட்டம். சென்றாயப் பெருமாள் கோயிலில் ஒருவரும் இல்லை. அங்கே மண்டபத்து விதானத்தில் பாரதமும் ராமாயணமும் வண்ணத்தில் தீட்டியிருக்கின்றன. பல இடங்களில் மங்கியும் உதிர்ந்தும் போய்விட்டன. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அதியமானுக்கும் இந்தச் சித்திரங்களுக்கும் நடுவே ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. ஆனால் வாசலில் ஒருவர், "எல்லாம் அதியமான் கட்டினதுங்க" என்று ஒரே வார்த்தையில் அந்த ஆயிரம் வருஷத்தையும் தாண்டிவிட்டார்.

தருமபுரியில் என் நண்பர் ஒருவர் தமிழாசிரியர். அவர் என்னைக் கோட்டைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே மல்லிகார்ச்சுனர் சந்நிதி மண்டபத்தில் ஒரு தூண் தரையில் படாமல் நிற்கிறது. தொங்கும் தூண் என்று பெயர். வருகிறவர்கள் தூணின் அடியில் துண்டை நுழைத்து, மறுபக்கம் இழுத்து, ஆச்சரியப்பட்டுவிட்டுப் போகிறார்கள். பக்கத்திலேயே காமாட்சியம்மன் கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ராமாயணம் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகிறது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். நான் இருந்த ஒரு மணி நேரத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. கோயில் வாசலில் வாங்கிய தல வரலாற்றுப் புத்தகம் அதை இன்னும் வளர்த்தது. இந்த மாதிரிப் புத்தகங்களில் எல்லாக் கோயிலும் 'பல்லாயிரம் ஆண்டு பழைமை'. எல்லா மன்னனும் 'திருப்பணி செய்து மகிழ்ந்தான்'. ஒன்பதாம் நூற்றாண்டில் நுளம்பர்கள் இங்கே இருந்தார்கள், சமணப் பள்ளிகளுக்குத் தானம் கொடுத்தார்கள், பிறகு சோழர் வந்தார்கள் என்று கல்வெட்டுகள் வருஷம் போட்டுச் சொல்கின்றன. நான் வாங்கின புத்தகத்துக்கு வருஷம் என்றால் அலர்ஜி. "துண்டு நுழைகிறதா என்று பார்க்கவா சரித்திரம்?" என்று நண்பரிடம் பொரிந்து தள்ளினேன்.

அவர் நிதானமான மனிதர். "துண்டை நுழைக்க வராங்க, சரி. தூண் இல்லேன்னா அதுக்குக்கூட வரமாட்டாங்களே. உங்க புறத்திரட்டுக்காரர் மட்டும் என்ன செஞ்சாருங்க? பெரிய மாளிகைக்குள்ளே போயி, கண்ணுக்குப் பட்ட நாப்பத்திநாலு அதிசயத்தை எடுத்துக்கிட்டு வந்தாரு. அவரு எடுக்கலேன்னா உங்களுக்கு அதுவும் இல்லீங்களே" என்றார்.

எனக்குப் பதில் தோன்றவில்லை. இப்போதும் முழுப் பதில் தோன்றவில்லை. வேடிக்கை பார்க்கிறவனின் ஆசையில்தான் பல பொருள்கள் பிழைத்திருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வேடிக்கையோடு நின்றுவிட்டால் நார் அறுந்துபோகிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பிறகு அகழ்வைப்பகத்துக்குப் போனோம். தருமபுரிக்குப் போகிறவர்கள் ஒகேனக்கல்லுக்குப் பஸ் பிடிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் இங்கே செலவிட்டால் நஷ்டம் இல்லை. எல்லாம் நடுகற்கள். கையில் வில்லும் வாளுமாக வீரர்கள் பாய்கிறார்கள். மேலே எழுத்து. இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆண்டில், இன்ன ஊரில், மாடு கவர்ந்தபோது, இன்னாருடைய சேவகன் இன்னான் பட்டான், அவன் கல் இது. அவ்வளவுதான். அடைமொழி கிடையாது, ஆரவாரம் கிடையாது. செங்கத்துப் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மனுடைய 34ஆம் ஆண்டில் கருந்தேவக் கத்தி என்பவன் மாடு மீட்கப் போய் இறந்தான். கூடப் போன நாய்க்குக் கோவிவன் என்று பெயர். அது கள்வர் இருவரைக் கடித்து நின்றதாம். அந்தச் செய்தியையும் எழுதி, நாயையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தமிழ் வசனத்தில் நான் படித்த சிறந்த சிறுகதைகளில் அதுவும் ஒன்று.

இந்த வட்டாரத்தில் கிடைத்த மைல் கல் ஒன்றைப் பற்றி நண்பர் சொன்னார். 'அதியமான் பெருவழி' என்று பேர் போட்டு, நாவல் தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்று எழுதியிருக்கிறதாம். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல். எழுத்துக்குக் கீழே இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் வெட்டியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாத வண்டிக்காரன் தடவிப் பார்த்துத் தூரம் தெரிந்துகொள்வதற்காக! வாசகனை மதிக்கிற எழுத்து என்றால் இதுதான்.

அதியமான் என்றதும் நமக்கு நெல்லிக்கனி ஒன்றுதான் தெரியும். பள்ளிக்கூடச் சுவரில்கூட அந்தப் படம் இருக்கும். நல்ல கதைதான், குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஒளவையார் அந்த மனிதனை அதோடு விட்டுவிடவில்லை. தொண்டைமானிடம் தூது போய், அவனுடைய ஆயுதங்கள் நெய் பூசி மாலை சூட்டிப் பத்திரமாக இருப்பதைப் பாராட்டி, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று குத்தியவள் அவள். கடைசியில் அவன் இறந்து நடுகல்லானபோது, மலை நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்டவளும் அவள்தான். நெல்லிக்கனியை வைத்துக்கொண்டு இந்தக் கள்ளை மறந்துவிட்டோம். ஜம்பைக் குன்றில் 1981இல் பிராமி எழுத்தில் அவன் பெயரோடு ஒரு கல்வெட்டு அகப்பட்டு, அவன் வெறும் பாட்டுடைத் தலைவன் அல்ல, நடமாடிய மனிதன் என்று நிரூபணம் ஆன பிறகும் நாம் நெல்லிக்கனியை விடவில்லை.

அரிசில்கிழாரை இன்னும் மோசமாக மறந்துவிட்டோம். தகடூரை எறிந்த சேரமானைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அவர். ஒன்பது லட்சம் காணமும் அரசு கட்டிலும் அவருக்குப் பரிசாகக் கிடைத்தன; ஆட்சி வேண்டாம் என்று சொல்லி அமைச்சுத் தொழிலை ஏற்றார் என்கிறது பதிகம். அதே மனிதர் புறநானூற்றில், தகடூர்ப் போரில் விழுந்த அதியமான் எழினிக்கு ஒப்பாரி வைக்கிறார். கூற்றுவனே, கெட்டுப்போன குடியானவன் விதை நெல்லைத் தின்றமாதிரி இவன் உயிரைத் தின்றாயே என்கிறார். கொன்றது யாருடைய படை என்பது அவருக்குத் தெரியாதா? கூற்றுவனைத் திட்டுகிறார், எஜமானைத் திட்டவில்லை. இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெயித்த பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டு, தோற்றவனுக்கு அழுத முதல் தமிழ் எழுத்தாளர்களில் அவர் ஒருவர். அவரைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு அந்த வசனம் வேண்டும்.

திரும்பும் வழியில் ஒரு பழைய மாதா கோயிலில் வண்டியை நிறுத்தினார் நண்பர். பின்னால் கல்லறைத் தோட்டம். ஒரு வெளிநாட்டுப் பாதிரியாரின் கல்லில் பெயர், பிறந்த ஊர், வந்த வருஷம், இறந்த வருஷம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. காலையில் பார்த்த நடுகல்லின் அதே கை. யாரோ மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். 1792 முதல் 1799 வரை இந்தப் பாராமகாலில் நிலவரி வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் தருமபுரியில் போட்ட தன் தோட்டத்தைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் ராஜாங்கக் காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மனிதரை அதில்தான் கிட்டத்தில் பார்க்கலாம்.

இதையெல்லாம் நான் ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. என் பெட்டியில் அதியமானைப் பற்றி முந்நூறு பக்கம் கிடக்கிறது. வெள்ளைக் குதிரை உண்டு, சுரங்க வழி உண்டு, ஒற்றர் தலைவன் மகள் உண்டு, நெல்லிக்கனி இரண்டு அத்தியாயம். தருமபுரியைப் பார்க்காமல் மேஜையில் உட்கார்ந்து எழுதியது. கோயில் வாசல் புத்தகத்தை எந்தக் காரணத்துக்காகத் திட்டினேனோ, அந்தக் குற்றம் எல்லாம் அதில் இருக்கிறது. வருஷம் இல்லை, ஊர் இல்லை, ஒருவனும் உண்மையில் சாகவில்லை. அச்சாகாமல் போனது என் அதிர்ஷ்டம்.

பஸ்ஸில் ஏறும்போது நண்பர் கேட்டார்: "அதை என்ன செய்யப் போறீங்க?"

கிழித்துப் போட மனசு வரவில்லை. அரிசில்கிழார் வருகிற நாலு பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதை மறுபடியும் எழுதிப் பார்க்கலாம் என்றேன். "அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாங்க. அரூர்ப் பக்கம் இன்னும் கல்லு இருக்குது" என்றார். வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.