இறவாக் குதிரையும் அச்சமும்: ஜெஜூரி முதல் மதுரை வரை

புனே மாவட்டத்து ஜெஜூரி, கண்டோபா வழிபாட்டின் தலைமையிடம். மணி, மல்லன் என்னும் அசுரர் இருவரைக் கண்டோபா வென்றதாகவும், மனம் திருந்திய மணி தன் வெண்குதிரையை அவருக்கு அளித்ததாகவும் புராணம் கூறும். அருண் கொலட்கரின் 'ஜெஜூரி' (1976) என்னும் ஆங்கிலத் தொகுப்பில், மலைப்பாறை வடு ஒன்று அத்தெய்வக் குதிரையின் குளம்படியாகச் சுட்டப்படுகிறது. குதிரை கண்ணுக்குத் தெரிவதில்லை, அடிச்சுவடு நிற்கிறது. ஆயினும் அங்கு அச்சம் இல்லை. அது வழிபடுபொருள் ஆகிவிட்டது.

அச்சத்திற்குரிய குதிரையைத் தமிழில் தேடுவோர் பெரும்பாலும் ஐயனாரின் இரவுலாவையே காட்டுவர். அது பொருந்துவதாகத் தோன்றவில்லை. மண்குதிரை உயிர்பெற்று எல்லை சுற்றுவது ஊரார்க்குக் காவல், அஞ்சவேண்டியவன் கள்வனே. டென்மார்க்கு நாட்டார் மரபில் மூன்றுகால் குதிரை ஒன்று உண்டு. அதனைக் கண்டவர்க்குச் சாவு நெருங்கும் என்பர். அத்தகைய சாவுக்குதிரையைத் தமிழ் மரபிலும் எதிர்பார்ப்பதே தேடலைத் திசைமாற்றுகிறது.

உண்மையான அச்சம் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ளது. நரி பரியாக்கிய படலத்தை அடுத்துப் பரி நரியாக்கிய படலம் தனியே அமைந்திருப்பது நோக்கத்தக்கது. முன்னது பகலில், அரசவை காண நிகழ்வது. குதிரைகளின் இலக்கணம் பேசப்படுகிறது. வணிக முறைப்படி கயிறு மாறப்படுகிறது. கயிறு மாறியபின் விற்றவனுக்குப் பொறுப்பில்லை. பின்னது நள்ளிரவில், இலாயத்தில் நிகழ்வது. குதிரைகள் நரிகளாகிப் பழைய குதிரைகளைக் கடித்துக் குதறி, ஊளையிட்டுத் தெருக்களில் ஓடுகின்றன. இறந்த குதிரை எழுந்து வருவதன்று இங்குள்ள அச்சம். ஆராய்ந்து, விலை கொடுத்து, கட்டிவைத்த குதிரை ஒருபோதும் குதிரையாகவே இருந்ததில்லை என்பதே அது. பேய்க்குதிரைக்கு விலகி ஓடலாம். தன் இலாயத்துக் குதிரைக்கு எங்கே விலகுவது?

ஆய்வுலகம் இப்பகுதியில் கொண்ட அக்கறை வேறு. நரி குதிரையான செய்தி அப்பர் தேவாரத்திலும் வருவதால், அது மாணிக்கவாசகர் காலக் கணிப்பிற்குச் சான்றாக மீளமீள எடுத்தாளப்பட்டது. காலவாதம் தேவையானதே. ஆனால் அவ்வாதத்தில் பகற்குதிரை மட்டுமே இடம்பெற்றது. இரவின் இலாயம் விடுபட்டது. திருவாசகமும் நரியைக் குதிரையாக்கியதை அருட்செயலாகவே போற்றுகிறது. அந்த அருளின் மறுபக்கத்தைப் பரஞ்சோதியார் மறைக்கவில்லை. கட்டுத்தறியில் குதறப்பட்டவை அரிமர்த்தன பாண்டியனின் உண்மைக் குதிரைகள். அதற்காக வைகை மணலில், வெயிலில் நிறுத்தப்பட்டவர் வாதவூரர்.