திருவந்தாதிகளில் தனிச்சொல்லின் இருப்பிடம்

முதலாழ்வார்கள் மூவரும் அருளிச்செய்த திருவந்தாதிகள், ஒவ்வொன்றும் 100 பாசுரமாக, வெண்பா யாப்பில் அமைந்தவை. நேரிசை வெண்பாவாக வருமிடத்து, இரண்டாமடியின் நாலாஞ்சீர் தனிச்சொல்லாய் நிற்கும். அதற்குமுன் ஒரு சிறுகோடு இட்டு அச்சிடுவது பழகிய முறை. ஓலைச்சுவடியில் அடிக்கு ஒரு வரி என்ற ஏற்பாடே இல்லை. எழுத்து ஓலையின் நீளம் உள்ளவரை ஓடும். அடி முடிந்தவிடத்தைச் சந்தை சொல்லுவோர் எதுகையின் ஓசைகொண்டே அறிந்தனர்.

இத்தனிச்சொல் இரண்டு பக்கத்துக்கும் கடன்பட்டது. முதலிரண்டு அடிகளின் எதுகையையே ஏற்று நிற்பதால் ஓசையால் அவற்றைச் சேர்ந்தது. பொருளாலோ, பலவிடங்களில் மூன்றாமடியை நோக்கும். பெயரெச்சமாய் வந்தால், அது தழுவும் பெயர் மூன்றாமடியிலேயே கிட்டும். எம்பெருமானுடைய செயலை முன்னே கேட்டு, செய்தவனைச் சற்றே நின்று பின்னே கேட்கிறான் ஸேவிப்பவன். அந்த நிறுத்தத்தில்தான் பாசுரத்தின் சுவை இருக்கிறது.

பொருள் முடியுமிடத்தில் வரியை முறித்து, தனிச்சொல்லை மூன்றாமடியின் தலையில் ஏற்றினால் வாசிக்க எளிது என்பார் உளர். எளிதுதான், ஆனால் எதுகை அநாதையாகிவிடும், நிறுத்தமும் போய்விடும். அந்வயம் காட்டுவது உரையின் தொழில். பெரியவாச்சான் பிள்ளை வேண்டுமிடத்துச் சொற்களைக் கூட்டிப் பொருள் ஸாதித்தருளுவர். அதற்காக மூலத்தைக் கலைத்தாரல்லர்.

பதம் பிரிப்பதிலும் இதே இடர் உண்டு. ‘எழுந்தருளி’ என்பது ஒரு சீர், கருவிளங்காய். ‘எழுந்து அருளி’ என்று பிரித்தால் புளிமா இரண்டு. நாற்சீரடி ஐஞ்சீராகும், வெண்டளை எங்கே நிற்கும்? கற்போர்க்குப் பிரித்த பாடம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அது மூலத்தின் கீழே இருக்கட்டும், மூலத்தின் இடத்தில் அன்று.

வெண்பாவின் ஈற்றடிக்கு மூன்றே சீர். அதிலும் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் குறுகிய வாய்பாட்டில் முடியும். நாலாஞ்சீரின் இடம் வெறிதாய் நிற்க, முடிந்த சொல்லே அடுத்த பாசுரத்தின் தலையில் திரும்ப வந்து அவ்விடத்தை நிரப்புவதுபோல் ஒலிக்கிறது. அவ்விரண்டு சொற்களுக்கும் நடுவே நான்கு பக்கம் வ்யாக்யானம் அச்சிட்டிருந்தால், அந்தாதியின் ஓசை செவியில் விழாது. உரையோடு பயில்வோரும் முதலில் மூலம் முழுவதையும் ஒருமுறை தொடர்ந்து ஸேவித்துவிட்டு உரைக்குள் புகுவது தகும்.