லயத்தின் அருகே ஒரு களம்: சப்ரகமுவத் தோட்டங்களின் கலைவெளி பற்றிய சில கருத்துகள்

ஈழத்துத் தமிழ் நாடக ஆய்வுகள் கூத்தின் கதை, ஆட்டம், பாடல் ஆகியவற்றை விரிவாக நோக்கியுள்ளன. கூத்து நிகழும் நிலம் யாருடையது, அந்நிலத்தின் அமைப்பு ஆற்றுகையை எவ்வாறு நிர்ணயிக்கின்றது என்னும் வினாக்கள் அதே அளவு கவனத்தைப் பெறவில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில், பழைய லயமொன்றின் அருகே குறைந்த செலவில் சமுதாயக் கலைவெளி ஒன்றை அமைப்பதெனின் அதன் வடிவம் யாதாக இருத்தல் வேண்டும்? இவ்வினா பொறியியலாளருக்கு மட்டும் உரியதன்று. கலைக்கும் உற்பத்தி உறவுகளுக்குமிடையிலான தொடர்பை ஆராய்வோரும் இதற்கு விடை காணக் கடமைப்பட்டவர்கள்.

பெருந்தோட்டத்துறையின் பழைய கட்டடங்கள் இதுவரை எவ்வாறு மறுவாழ்வு பெற்றுள்ளன என்பதை முதலில் நோக்கலாம். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் உல்லாச விடுதியாயிற்று. ஹந்தானையில் 1925 இல் எழுந்த தொழிற்சாலை 2001 இல் தேயிலை அரும்பொருட்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. முன்னதில் உழைப்பின் தடயம் விருந்தினரின் கண்ணுக்கு அலங்காரமாகின்றது. பின்னதில் இயந்திரங்களும் தோட்ட முன்னோடிகளின் நினைவுப் பொருட்களும் முதன்மை பெறுகின்றன. கம்பளைக்கு அண்மையிலுள்ள நியூ பீகொக் தோட்டத்தில் 2007 இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் பழைய லயமொன்றையே தொழிலாளர் அரும்பொருட்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் ஆக்கியமை இவற்றினின்றும் அடிப்படையில் வேறுபட்டது. உழைத்தவனின் காம்பிராவே அங்கு வரலாற்றுச் சான்றாகின்றது.

எனினும் சப்ரகமுவவில் அம்மாதிரியை அப்படியே பின்பற்றவியலாது. இங்கு லயங்கள் பல இன்றும் குடியிருப்புகளாகவே உள்ளன. மக்கள் வாழும் லயத்தை மரபுரிமையென்று போற்றிப் பேணுவது வறுமையைப் பேணுவதாக முடியும். அதனைத் தடயமின்றித் தகர்ப்பதோ ஒரு வர்க்கத்தின் நினைவை அழிப்பதாகும். இம்முரண்பாட்டுக்கான தீர்வை லயத்தின் சுவர்களில் அன்றி, அதன் முற்றத்திலேயே தேடவேண்டும்.

லயம் வரிசையாக அமைக்கப்பட்டது மலிவுக்காகவும் கண்காணிப்புக்காகவும் ஆகும். ஒரே கூரையின் கீழ் அடுக்கப்பட்ட காம்பிராக்களில் தனிமைக்கும் இடமில்லை, கூட்டத்துக்கும் இடமில்லை. நிர்வாகம் வகுத்த பொதுவெளி, காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பிரட்டுக்களம் ஒன்றே. இதற்கு மாறாக மக்கள் தாமே உருவாக்கிக்கொண்ட பொதுவெளிகள் கோயில் முற்றமும் காமன் பொட்டலுமாகும். மாசி மாதத்து வளர்பிறையில் காமன் ஊன்றுவது முதல் மன்மதன் எரிக்கப்படுவது வரை பல நாட்கள் நீளும் காமன் கூத்து, தப்பின் ஒலியோடு லயங்கள் தோறும் நகர்கின்றது. பார்ப்போரும் ஆடுவோரும் ஒரே மண்ணில் நிற்கின்றனர். ஆகவே காமன் கூத்தின் அரங்கு தோட்டம் முழுவதுமாகும். பொட்டல் அதன் மையம் மட்டுமே.

இவ்விடத்துப் பேராதனை அனுபவம் மனங்கொள்ளத்தக்கது. 1960 களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைத் தழுவிக் கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றியமை தமிழ் நாடக வரலாற்றில் திருப்புமுனையாகும். கற்றோர் மத்தியில் கூத்துக்கு மதிப்புத் தேடித்தந்த அம்முயற்சி, சுற்றிவர நின்று காணும் வட்டக்களரியை ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையாக மாற்றவும் நேர்ந்தது. அதே வளாகத்தில், பின்னர் சரச்சந்திரவின் பெயரைப் பெற்ற திறந்தவெளி அரங்கோ, நிலத்தின் இயற்கைச் சரிவையே இருக்கையாகக் கொண்டது. மலைச்சரிவில் வாழும் தோட்ட மக்களுக்குரிய பாடம் இவ்விரண்டாவதிலேயே உள்ளது.

இதனடிப்படையில் கலைவெளியின் வடிவம் தெளிவாகின்றது. உயர்ந்த மேடையும் திரையும் கொண்ட மண்டபம் வேண்டியதில்லை. தூண்கள் மீது பரந்த கூரை, மூன்று பக்கமும் திறந்த சமதளம், தப்புகளையும் ஆடையணிகளையும் வைத்துப் பூட்ட ஓர் அறை ஆகியன போதும். ஆண்டு மழை 3000 மில்லிமீற்றரைத் தாண்டும் இரத்தினபுரி போன்ற பிரதேசத்தில் வெறும் தகரக் கூரையின் கீழ் மழை பெய்யும்போது மனிதக் குரல் எடுபடாது; கூரைக்கு உட்தட்டு அவசியம். இறப்பர் மரம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பால் வற்றித் தறிக்கப்படுவது. அதன் பலகை பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் எளிதில் இரையாகுமாயினும், உரிய இரசாயனப் பதனிடலின் பின் கூரையின் உட்பகுதிக்கு உதவும். லயத்தின் பழைய கற்சுவரினின்று போதிய இடைவெளி விடுவதும், மேட்டை வெட்டாது வடிகாலை முதலில் அமைப்பதும் உயிர்காக்கும் விதிகளாகும். 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் நிகழ்ந்த மண்சரிவுகள் இதற்குச் சான்று.

செலவு பற்றிய வாதத்துக்கு அம்பேபுஸ்ஸ சமுதாய நூலகம் பயனுள்ள உதாரணமாகும். கொழும்பு - கண்டி வீதியையடுத்த இராணுவ முகாமில், போருக்குப் பின்னர், கட்டடக்கலைஞர் மிலிந்த பத்திராஜவின் வழிகாட்டலில், இராணுவத்தினரே பயிற்சி பெற்று இடித்து இறுக்கிய மண்சுவர்களால் அதனை எழுப்பினர். 2015 இல் அது சர்வதேச விருதும் பெற்றது. மண்ணும் பயிற்சியும் உழைப்பும் இணைந்தால் விலையுயர்ந்த பொருட்களின்றியே சிறந்த கட்டடம் தோன்றும் என்பதை அது நிறுவியது. ஆனால் அங்கு நிலம் இருந்தது. உழைப்புக்குச் சம்பளமும் இருந்தது. தோட்டத்திலோ நாட்கூலியை இழந்து சிரமதானம் செய்யுமாறு தொழிலாளியைக் கேட்பது, மலிவின் சுமையை மீண்டும் அவன் தலையிலேயே ஏற்றுவதாகும்.

நிலத்தைப் பொறுத்தவரை நிலைமை மேலும் கடினமானது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. எம்மாற்றத்திலும் பொட்டல் மக்களுக்கு உரியதாகவில்லை. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்கள் காணியைக் குடும்பத்துக்குத் தனித்தனியே அளப்பன. குடும்பங்கள் கூடும் இடத்தையும் அவ்வாறே அளந்து எழுத்தில் பதியவேண்டும். உறுதியில்லாத நிலத்தில் எழும் கலைக்கூடம், முகாமையாளர் மாறும் நாளிலேயே களஞ்சியமாகிவிடக்கூடியது. அடித்தளம் பிறருடையதாயின் மேற்கட்டுமானம் நிலையாது என்பது இங்கு உவமையன்று, நேர்ப்பொருளே.

சப்ரகமுவவுக்கு இக்கோரிக்கை தனி முக்கியத்துவமுடையது. நுவரெலியாவைப் போலன்றி, இங்குத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடக்கின்றன. 1977 இலும் 1981 இலும் இனவன்செயல்களால் இங்கிருந்து இடம்பெயர்ந்தோர் பலர். அச்சம் மிகுந்த இடத்தில் மதிலெழுப்பிய மண்டபம் பிரிவினையை வளர்க்கும். நாற்புறமும் அணுகக்கூடிய களத்திலோ தோட்டத்தின் தப்பும், சப்ரகமுவ ஆடல் மரபின் தவுலும் ஒருங்கே ஒலிக்கமுடியும். இருசாராரும் பால்வெட்டுகின்றவர்களே. இரதி வேடத்தையும் ஆண்களே ஏற்றுவந்த மரபில், தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய பெண்களுக்கும் அக்களத்தில் சம உரிமை கிட்டுதல் வேண்டும். கொழுந்தெடுத்து, பால்வெட்டித் தோட்டத்தைத் தாங்குவோருள் பெரும்பாலார் அவர்களே.

இத்தகைய களம் தோட்ட மக்களுக்கு அளிக்கப்படும் நன்கொடையாகக் கருதப்படுமாயின் அதன் நோக்கம் சிதையும். கட்டடம் எவ்வளவு எளிமையாகவும் இருக்கலாம். நிலமும் திறப்பும் மக்களின் கையில் இருத்தல் வேண்டும். சப்ரகமுவவில் அமையும் எந்தக் கலைவெளியையும் இந்த அளவுகோலைக்கொண்டே மதிப்பிடல் தகும்.