ப்ரோக்ரஸிவ் ராக் ஹெவி மெட்டலுக்குக் கொடுத்ததும் கெடுத்ததும்

ப்ரோக்ரஸிவ் ராக்கும் ஹெவி மெட்டலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இங்கிலாந்தில் உருவானவை. கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் 1969 அக்டோபரில் வந்தது. பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில். கிரிம்சன் ஆல்பத்தின் முதல் பாடலான 'ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்ட் மேன்', கனத்த கிட்டாராலும் சிதைத்து ஒலிக்கவிட்ட குரலாலும் மெட்டலை உரசிக்கொண்டு போகிறது. 1973இல் 'சாபத் பிளடி சாபத்' ஆல்பத்துக்கு யெஸ் குழுவின் ரிக் வேக்மன் வந்து கீபோர்டு வாசித்தார்.

நீண்ட பாடல், ஆல்பம் முழுக்க ஓடும் ஒரே கதை, நாலில் அடங்காத தாளக் கணக்கு ஆகியவற்றை மெட்டல் குழுக்கள் ஆவலோடு எடுத்துக்கொண்டன. இரைச்சலுக்கு நடுவே அடங்கி ஒலிக்கும் கலையைச் சிலரே கற்றார்கள். மெட்டலின் சிறந்த நெடும்பாடல்கள் பெரும்பாலும் அவர்களிடமிருந்தே வந்தன.

நீளத்துக்குத் துணிச்சல் தந்ததில் கனடாவின் ரஷ் குழுவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1975இல் 'கரெஸ் ஆஃப் ஸ்டீல்' சரியாக விற்காததால், சின்னப் பாடல்களாகப் போடச் சொல்லி இசைத்தட்டு நிறுவனம் நெருக்கியது. மறு ஆண்டே வந்த '2112' ஆல்பத்தில், ஒரு பக்கம் முழுவதையும் 20 நிமிடப் பாடல் ஒன்றுக்கே ரஷ் ஒதுக்கியது. ஆல்பம் வென்றது.

அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ், ப்ரோக்ரஸிவ் குழுக்களான ஜெத்ரோ டல்லிலும் ஜெனிசிஸிலும் ஊறியவர். கோல்ரிட்ஜின் கவிதையை வைத்து 1984இல் அவர் எழுதிய 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மாரினர்' 13 நிமிடத்தைத் தாண்டுகிறது. கதையில் கப்பல் காற்றின்றி நிற்கும்போது பாட்டும் நின்றுவிடுகிறது: டிரம்ஸ் இல்லை, பேஸின் சில சுரங்கள், மரம் முனகும் ஓசை, தாழ்ந்த குரலில் வாசிக்கப்படும் வரிகள். பிறகு மெல்ல மெல்லக் கிட்டார்கள் எழும்பும்போது, அதுவரை கடந்த நிமிடங்கள் எல்லாம் பொருள் பெறுகின்றன.

மெட்டாலிகாவின் 1988 ஆல்பமான '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' இதற்கு நேர்மாறு. 65 நிமிடத்துக்கு மேல் ரிஃப் மேல் ரிஃபாக அடுக்கிக்கொண்டே போகிறது. பேஸ் காதில் விழுவதே அரிது. ஏறத்தாழப் பத்து நிமிடத் தலைப்புப் பாடல் தணிந்த தொடக்கத்தைத் தாண்டியதும் எங்கும் மூச்சு விடுவதில்லை. அதே ஆல்பத்தின் 'ஒன்' பாடலோ தணிந்த கிட்டாரில் தொடங்கி, படிப்படியாக ஏறி, துப்பாக்கி வெடிப்பதுபோல் டிரம்ஸ் அதிரும் இடத்துக்குப் போகிறது. நிலைத்ததும் அதுதான். 1991இல் குழு தானாகவே பாடல்களைச் சுருக்கிக்கொண்டது.

ட்ரீம் தியேட்டரிடம் குறை இன்னும் வெளிப்படை. பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் 1985இல் சேர்ந்த இக்குழுவின் கைத்திறன் பற்றி இரண்டாம் கருத்து இருக்க முடியாது. 1992இன் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தில் அந்தத் திறன் மெட்டுக்கு அடங்கி நடந்தது. 1999இன் 'த டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி'யிலோ சுமார் ஆறு நிமிடத்தில் தாளம் நூறு தடவைக்கு மேல் மாறுகிறது. வாசிப்பவர்களுக்கு அது நல்ல பாடம். கேட்பவர் மனதில் தங்க ஒரு மெட்டுகூட மிஞ்சுவதில்லை.

சிக்கலான தாளம் உடம்பை விட்டு விலகியே ஆக வேண்டும் என்பதில்லை. ஸ்வீடனின் மெஷுகாவில் கிட்டாரும் பேஸ் டிரம்மும் ஒற்றைப்படைக் கணக்கில் சுழல, சிம்பல் நாலிலேயே நிற்கிறது. கேட்பவர் எதையும் எண்ண வேண்டாம். தலை தானாக ஆடும்.

அடங்கி ஒலிக்கும் கலையை முழுதாகக் கற்றது, அதே நாட்டின் ஓபெத். இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் தயாரிப்பில் பங்கேற்ற 'பிளாக்வாட்டர் பார்க்' (2001) ஆல்பத்தில் குரலின் உறுமலும் மென்மையான அக்கூஸ்டிக் கிட்டாரும் ஒன்றையொன்று கூர்மையாக்குகின்றன. 2011இன் 'ஹெரிட்டேஜ்' ஆல்பத்தில் உறுமலைக் கைவிட்டபோது 1970களின் சாயல்தான் மிஞ்சியது. எதிர்நிற்க இரைச்சல் இல்லாததால் மென்மையும் வலுவிழந்தது. 2024இன் 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பத்தில் உறுமல் திரும்பி வந்தது. ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சனே அதில் கதை சொல்லி, புல்லாங்குழலும் வாசித்திருக்கிறார்.