தாது வருஷத்தின் அறுவடை

எங்க ராசிபுரம், நாமக்கல் பக்கம் வயசானவங்க பெரும் பஞ்சத்தைச் சொல்லணும்னா 'தாது வருஷம்' என்பார்கள். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சம் அது.

சமீபத்தில் ஒரு கிராமத்துச் சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் போயிருந்தேன். வாழைத்தார், பூசணிக்காய், சேவல் எல்லாம் ஏலத்துக்கு வந்திருந்தன. பிரசங்கத்தில் தாது வருஷமும் வந்தது. "அந்தப் பஞ்சத்திலும் ஆண்டவர் ஆத்தும அறுவடை செய்தார், ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் எடுத்தாங்க" என்றார் பிரசங்கியார்.

தகவல் சரிதான். இடம் நம்ம ஊர் இல்லை, அன்றைய நெல்லூர் மாவட்டத்து ஓங்கோல் பக்கம். நாள் 1878 ஜூலை 3. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பஞ்ச நிவாரண வேலையாகப் பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்து, ஏழைகளுக்குக் கூலி கிடைக்கச் செய்தவர். சோத்துக்காக மதம் மாறினாங்கன்னு ஆகிவிடக் கூடாதென்று, ஒரு வருஷத்துக்கு மேல் யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார். அந்த நேர்மையை மதிக்கத்தான் வேணும்.

என்னை உறுத்துவது 'அறுவடை' என்ற சொல். அறுவடைக்கு ஒரு விதைப்பு உண்டு இல்லையா? அப்போ செத்தவங்க யார், உரமா? அந்தக் கேள்வியை இந்தப் பேச்சு கேட்பதே இல்லை.

நம்ம ஊர்க் கணக்கைப் பாருங்க. 1871 குடிக்கணக்கில் சேலம் மாவட்டத்து மக்கள் தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அப்போது இதற்குள்தான். 1881ல் அது சுமார் 16 லட்சம். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் குறைவு. பிழைப்பு தேடி வெளியே போனவர்களும் இதில் உண்டு. ஆனாலும் பெரும் பங்கு சாவுதான். 2,222 மேடையில் நினைவில் இருக்கிறது. மூன்றரை லட்சத்துக்கு மேல் காணாமல் போனது, அது நடந்த மண்ணிலேயே யாருக்கும் நினைவில்லை.

கிறிஸ்தவ நம்பிக்கையோடு இந்தப் பஞ்சத்தைப் பார்க்க வேறு வழியும் இருந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், முன்னாள் முன்சீப். பஞ்ச காலத்தில் தன் கைப்பொருளைப் போட்டு ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனையே பாடினார். 1878ல் வந்த 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யில் வேதநாயகரின் பஞ்சப் பாடல்கள் உண்டு. பசித்தவர்கள் பக்கம் நின்று கடவுளிடம் முறையிடும் பாட்டுகள் அவை. பைபிளில் 'புலம்பல்' என்றே ஒரு புத்தகம் இருக்கிறதே, அந்த மரபு இது.

ஆனால் இதுவும் எனக்குப் போதவில்லை. முறையீடு முழுக்க வானத்தைப் பார்த்தே போகிறது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் 1877 ஜனவரி 1ந் தேதி, சென்னை மாகாணம் பட்டினி கிடக்கும்போது, லிட்டன் பிரபு டெல்லியில் தர்பார் நடத்தினார். நிவாரண வேலைக்கு ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி, ஆம்பளை ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். அரை கிலோகூட இல்லை. கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. சேலத்துக்கு ரயில் வந்தே பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தானியம் வர வழி இருந்தது, வாங்கக் கையில் காசு இல்லை.

இதைக் கேட்கவும் பைபிளில் ஆள் இருக்கிறார். மரக்காலைச் சிறிதாக்கி, தானியத்தின் பதரையும் ஏழைக்கு விற்றவர்களை ஆமோஸ் தீர்க்கதரிசி பேர் சொல்லாத குறையாகத் திட்டுகிறார். தாது வருஷத்தைப் பேச 'அறுவடை'யைவிடப் பொருத்தமான பகுதி அது. பிரசங்கத்துக்கு அதை ஏன் யாரும் எடுப்பதில்லை?

இலண்டன் மிஷன் சேலத்துக்கு 1827லேயே வந்துவிட்டது. ஆகவே பழைய சபைகளில் அடக்கப் பதிவேடு எங்காவது மிச்சம் இருக்கலாம். உங்க ஊரில் இருந்தால் 1877ம் வருஷப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்க. சபைக்காரங்க பேர் மட்டும்தான் அதில் இருக்கும். இருந்தாலும், அடுத்த அறுப்பின் பண்டிகையில் ஏலம் தொடங்கும் முன் அந்தப் பேர்களை ஒருத்தர் எழுந்து வாசிக்கட்டும்.