‘சுழல்’ தொடரில் வட்டாரமும் பேச்சு வழக்கும்

2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வெளியான ‘சுழல்’ என்னும் குற்றப் புலனாய்வுத் தொடரைப் புஷ்கர்–காயத்ரி இணையர் படைத்தனர். எட்டுப் பகுதிகளுள் முதல் நான்கைப் பிரம்மாவும் பின் நான்கை அனுசரண் முருகையனும் இயக்கினர். முற்பகுதியில் ஆலைத் தீயும் அங்காளம்மன் விழாவும் ஊரின் உயிர்ப்பாக நிற்கின்றன. பிற்பகுதியில் திருப்பங்கள் விரைய, ஊர் வெறும் பின்னணியாகச் சுருங்கிவிடுகின்றது.

ஆயினும் பெருங்குறை இயக்கத்தினது அன்று, உரையாடலினது. சாம்பலூர் கற்பனை ஊர். அதன் நிலக்காட்சி நீலகிரியை நினைவூட்டுவது. மாசி அமாவாசையை ஒட்டிய மயானக் கொள்ளையோ மேல்மலையனூரைச் சார்ந்த வடமாவட்டங்களில் ஆழ வேரூன்றியது. இவ்விரண்டையும் ஓரூரில் சேர்க்கப் புனைவுக்கு உரிமை உண்டு. அச்சேர்க்கையை நம்பவைக்க வேண்டியது மாந்தர் பேச்சு. இங்கோ தொழிற்சங்கத் தலைவர் சண்முகமும் ஆய்வாளர் ரெஜினாவும் பெரும்பாலும் ஒரே பொதுப் பேச்சுத்தமிழையே வழங்குகின்றனர். தாராவியில் வாழும் நெல்லைத் தமிழரின் பூர்வீகத்தை ‘ஏலே’ என்னும் விளி ஒன்றே காட்டிவிடும். சாம்பலூரார்க்கு அத்தகைய அடையாளம் வாய்க்கவில்லை.

இத்தொடர் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வழங்கப்பெற்றது. மொழிபெயர்ப்பாளர் இழந்துவிடுவோமோ என அஞ்சத்தக்க வட்டாரக் கூறு மூலத்திலேயே அருகியுள்ளது. அவர்க்கு உண்மையான இடர் ‘கொள்ளை’ என்னும் சொல்லே. காவல் நிலையத்தில் அது குற்றம். மயானத்திலோ அம்மனின் உரிமை. குற்றக்கதை ஒன்றில் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்கும் சொல் எல்லா மொழியிலும் எளிதில் கிட்டுவதன்று.