ஹோம்ஸுக்கு இடமுண்டு, சங்கர்லாலுக்கு இல்லை

கம்பத்திலோ போடியிலோ அரசுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் ஆங்கிலப் பாடநூலில், ஷெர்லக் ஹோம்ஸ் சாகக் கிடப்பதுபோல் நடித்துக் கொலைகாரனைப் பிடிக்கிறார். ஜேம்ஸ் தர்பரின் வீட்டில் பேய் நடமாடுகிறது. ஜூல்ஸ் வெர்ன் 2889ஆம் ஆண்டுக்கே கூட்டிப்போகிறார். அதே பையில் இருக்கும் தமிழ்நூலின் விரிவானப் பகுதியிலோ கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி, சா. கந்தசாமி. மூவருமே சாகித்ய அகாதெமி விருது பெற்றவர்கள். இவர்களைத் தேர்ந்தெடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துப்பறியும் கதை ஆங்கிலத்தில் வந்தால் பாடம், தமிழில் வந்தால் வெறும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் பதிந்துவிடுகிறது. அது தவறு.

இலக்கியத்துக்கு முதலிடம் கொடுப்பதற்கு வலுவான காரணம் உண்டு. துப்பறியும் கதைகளைத் தாங்கிவரும் மாதநாவல் பேருந்து நிலையக் கடையிலேயே கிடைத்துவிடும். சி.சு. செல்லப்பாவைப் பள்ளிக்கூடம்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். 1912இல் சின்னமனூரில் பிறந்தவர் அவர். அவருடைய ஜல்லிக்கட்டு நாவலான ‘வாடிவாசல்’ பதினோராம் வகுப்பு விரிவானத்தில் இருக்கிறது. அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் மாடு அவிழ்ப்பதைப் பார்த்து வளர்ந்த பையன், தன் ஊர்ப்பேச்சும் அச்சேறும் என்பதை அங்கேதான் காண்கிறான்.

அந்தக் கதையை நகர்த்துவது எது? அப்பனைக் குத்திக் கொன்ற காரிக்காளையை அடக்க மகன் பிச்சி, துணைக்கு மருதனுடன் வந்து நிற்கிறான். பழிவாங்கல், காத்திருப்பு, அடுத்து என்ன நடக்குமோ என்ற பதைப்பு: மாதநாவல் பிழைப்பதும் இவற்றை நம்பித்தான். செல்லப்பா இவற்றை ஒதுக்கவில்லை. காளையின் வெறியையும் ஜமீன்தாரின் கௌரவத்தையும் எதிரெதிரே நிறுத்தி, நம்மை இன்னும் ஆழத்துக்கு இழுக்கிறார்.

வகுப்பில் இந்தப் பதைப்புத்தான் முதலில் பறிபோகிறது. பாடநூலில் இருப்பது நாவலின் சுருக்கம். நோட்ஸில் அது மேலும் சுருங்கி முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று நெடுவினாவுக்கான விடையாகிவிடுகிறது. பிச்சி திமிலைத் தாவிப் பிடிக்கும் முன்பே, ஜமீன்தார் காரியைச் சுட்டுவிடுவார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. ஹோம்ஸுக்கும் இதே கதிதான். குற்றவாளி யார் என்பது வெறும் தேர்வு வினா. ஆகவே பாடநூலில் கதையை மாற்றினால் மட்டும் போதாது.

மாதநாவல் எல்லாம் வகுப்புக்கு ஆகும் என்று நான் சொல்லவில்லை. பல, பெரியவர்களுக்காக அவசரத்தில் எழுதப்பட்டவை. ஆனால் தமிழ்வாணனின் துப்பறிவாளர் சங்கர்லாலும், சுஜாதா படைத்த ஜீனோ என்ற இயந்திர நாயும் எத்தனையோ பேரை வாசகராக்கியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஒரு கதையாவது தமிழில் இருக்கட்டும். பதினோராம் வகுப்பில் ‘வாடிவாசல்’ முழுதாகவே கைக்கு வரட்டும், சிறிய நூல்தான். தமிழய்யா அதை வாய்விட்டு வாசித்து, பிச்சி காரியை நெருங்கும் இடத்தில் நிறுத்தி, “நீங்க மருதனா இருந்தா இப்ப என்ன செய்வீங்க?” என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு நோட்ஸில் விடை கிடையாது.